டேட்டா புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்



பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுபோனால், "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது சார், தூக்கிப் போடுங்க" என்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்ட்ஸுக்கு முன்பே தொலைந்துபோனது அதைப் பற்றிய விவரம்.

பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் வால்வும், 1962-ல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் செய்த பொருளுக்கு நம்மிடமே விவரம் இல்லை என்றால் யார் குற்றம்? டேட்டா புத்தகங்களைக் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடையில் போட்ட நாம்தான்.

ரிச்சி தெருவுக்கே போனாலும் நம்பர் மட்டும் தெரிந்தால் போதாது. ஏசி128-க்குப் பதில் "சிலிக்கான் போடுங்க, ஓடும்" என்பார்கள் சிலர். ஜெர்மானியம் சுமார் 0.2 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும்; சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். பயாஸை மாற்றாமல் போட்டால், சத்தத்தைக் குறைத்து வைக்கும்போது பாட்டு கரகரக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் நடத்திய பாடம்தானே இது!

"புளூடூத் ஸ்பீக்கர் இருக்கே சார்" என்பீர்கள். அது பழுதானால்? அன்று பல ரேடியோக்களின் பின்மூடிக்குள் சர்க்யூட் படமே ஒட்டியிருந்தது. இன்று சில கம்பெனிகள் சிப்பின் நம்பரையே சுரண்டிவிட்டு விற்கின்றன. அதைத் தட்டிக் கேட்க வேண்டிய நாம், கையில் இருக்கும் விவரத்தையும் எடைக்குப் போடுகிறோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா வீட்டுப் பரணில் தேடுங்கள். டேட்டா புத்தகமோ சர்க்யூட் படமோ கிடைத்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வரிசைப்படுத்துவது என் வேலை.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார், திருமழிசை