வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம், அந்தப் பக்கம் கோவை மாவட்டம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை யாராவது தவறிக் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் இரு பக்கமும் ஒரே பதில்: "உப்புத் தண்ணி கலக்கிக் கொடு, வாந்தியில எல்லாம் வெளிய வந்துரும்."

வரும். ஆனால் எந்த வழியாக? இறங்கும்போது சுட்ட உணவுக்குழாயை ஏறும்போது மறுபடி சுட்டுக்கொண்டு வரும். மூச்சுக்குழாயில் சிதறினால் நுரையீரலும் வேகும்.

"ஆசிட்டுக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சை" என்பது அடுத்தது. பள்ளிக்கூடச் சோதனைக்குழாயில் சரி. இரண்டும் கலந்தால் சூடு கிளம்பும், சோடா உப்பென்றால் வாயுவும் பொங்கும். ஏற்கெனவே வெந்த இரைப்பை அதைத் தாங்குமா? பாலும் வேண்டாம், எண்டோஸ்கோப்பியில் புண்ணை மறைக்கும்.

"வாயில் புண்ணே இல்லையே" என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. வாய் சுத்தமாக இருந்து உள்ளே வெந்து கிடப்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

காரம் ஆசிட்டை விடச் சாது என்பதும் தவறு. ஆசிட் பட்ட சதை பொருக்குக் கட்டும். காரம் சதையைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். காரம் விழுங்கிய குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் விடாமல் போராடியதால்தான் 1927இல் அங்கே காரம் அடைத்த டப்பாக்களில் 'விஷம்' என்று அச்சிடச் சட்டம் வந்தது.

எனக்கு அதிகக் கோபம் வருவது கடைசி வாதத்தின் மேல்: "ஒரு வாரத்தில் எழுந்து சோறு தின்னுட்டான், பிழைச்சுக்கிட்டான்." கதை அங்கேதான் ஆரம்பம். மூன்றாவது வாரத்திலிருந்து தழும்பு இறுகத் தொடங்கும். முதலில் சோறு இறங்காது, பிறகு குழைந்த கஞ்சி, பிறகு தண்ணீரே நிற்கும். ஆசிட் என்றால் இரைப்பையின் வாசல் சுருங்கி, நேற்றுத் தின்றது இன்று வாந்தியாகும். சுருங்கிய உணவுக்குழாயை விரிக்க மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆஸ்பத்திரி நடை. பல பத்தாண்டுகள் கழித்து அதே இடத்தில் புற்றுநோய் வரும் அபாயமும் மற்றவர்களை விடக் கூடுதல்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பட்டும். விழுங்க எதுவும் கொடுக்காதீர்கள். பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108 எல்லைக்கு இரு பக்கமும் வரும்.

சில்லறை ஆசிட் விற்பனைக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது. ஆனால் உங்கள் வீட்டுக் குளியலறையில் ஆசிட்டைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறீர்களே, அதை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.