காவலாளியும் லேபிளும்

திருப்பூர்ப் பனியனின் கழுத்தில் ஒரு சிறு லேபிள் இருப்பதை யாவரும் அறிவர். அளவு, நூலின் வகை, துவைக்கும் முறை, வாங்குகிறவரின் பெயர் எல்லாம் அதில் அடக்கம். தையல் எவ்வளவு நேர்த்தியாயிருந்தாலும், லேபிள் மாறிவிட்டால் சரக்குத் திரும்பிவிடும். இது காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர் முதல் செக்கிங் மேஜையில் பீஸ் பார்க்கும் பெண்மணி வரை எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் கோப்புகளுக்கும் அப்படியொரு லேபிள் உண்டென்றால், நம் நேயர்களில் பலர் வியப்படையக்கூடும்.

இன்று அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் வலைத்தளம் இல்லாத ஏற்றுமதிக் கம்பெனி அரிது. கடல் கடந்த வியாபாரி முதலில் பார்ப்பது தொழிற்சாலையை அல்ல, அதன் வலைத்தளத்தைத்தான். அத்தகைய தளங்களில் பல லினக்ஸ் சர்வரில் இயங்குகின்றன. ஒரு கம்பெனியில் புதிய மாடல்களின் படங்களை இரவோடிரவாக ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொழுது விடிந்ததும் பக்கத்தைத் திறந்தால், ‘403, அனுமதியில்லை’ என்ற வாசகம்தான் நிற்கிறது. முதலாளி பதறுகிறார். “ஏன் தம்பி, படம் உள்ளேதானே இருக்குது?” “இருக்குதுங்க. ஆனா காட்ட மாட்டேங்குதுங்க!”

இதற்குக் காரணம் என்ன? லினக்ஸில் காவல் இரண்டடுக்கு. முதல் காவலாளி பழைய ஆசாமி. ஒவ்வொரு கோப்பும் யாருடையது, அவருடைய குழுவினர் யார், மற்றவர்கள் யார் என்று மூன்று வகையாகப் பார்ப்பவர். படிக்க நான்கு, எழுத இரண்டு, இயக்க ஒன்று என்று எண்கள் உண்டு. 644 என்றால் உடையவர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். ஃபோல்டருக்கு 755 வழக்கம்; ஏனெனில் ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்த ‘ஒன்று’ தான் உள்ளே நுழையும் உரிமை. படத்தின் அனுமதி சரியாயிருந்தும், அதற்குப் போகும் வழியில் ஒரே ஒரு ஃபோல்டர் கதவை அடைத்திருந்தால் போதும். வலைத்தளத்தை நடத்தும் அப்பாச்சி வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது காவலாளியின் பெயர் எஸ்.இ.லினக்ஸ். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை இதை 2000-ஆம் வருஷம் டிசம்பரில் வெளியிட்டது. 2003-ல் லினக்ஸின் மூலத்திலேயே இது சேர்ந்துவிட்டது. ரெட் ஹாட், ஃபெடோரா முதலிய வகைகளில் இது ஆரம்பத்திலிருந்தே விழித்திருக்கும். இவர் உடையவர் யார் என்று கேட்பதில்லை; லேபிளைத்தான் பார்ப்பார். வலைத்தளத்துக்குரிய கோப்பில் ‘ஹெச்டிடிபிடி சிஸ் கன்டென்ட்’ என்ற முத்திரை இருக்க வேண்டும். வேறு லேபிள் இருந்தால், முதல் காவலாளி ‘போகலாம்’ என்று சொல்லியிருந்தாலும் இவர் விடமாட்டார்.

மேற்சொன்ன கம்பெனியில் நேர்ந்தது இதுவே. குமாஸ்தா படங்களைத் தம்முடைய சொந்த ஃபோல்டரில் தயாரித்து, அங்கிருந்து ‘எம்வி’ கட்டளையால் நகர்த்திவிட்டார். நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும். ‘சிபி’ கட்டளையால் நகலெடுத்திருந்தால், புதிய இடத்தின் லேபிள் தானே ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுச் சாமான் என்ற லேபிளோடு கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் சரக்கைக் காவலாளி எப்படி வெளியே விடுவார்?

இந்தச் சமயத்தில் பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ‘சிஎச்மாட் 777’ என்று போட்டு எல்லாக் கதவுகளையும் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். அதனால் லேபிள் மாறாது. ஆகவே படமும் தெரியாது. பிறகு கோபத்தில் எஸ்.இ.லினக்ஸையே நிறுத்திவிடுவார்கள். உடனே படம் தெரியும்; எல்லோருக்கும் ஆனந்தம். ஆனால் இரண்டு காவலாளிகளையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்றே! தளத்தின் நிரலில் எங்கேனும் ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியே நுழைந்தவன் பக்கங்களை மாற்றி எழுதலாம். அதே சர்வரில் விலைப்பட்டியலும் வாடிக்கையாளர் கடிதங்களும் இருந்தால் அவற்றையும் துழாவலாம். ஒரு நாளைய சௌகரியத்துக்காகப் பல வருஷத்து நம்பிக்கையைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமா?

நிற்க. செய்ய வேண்டிய முறை யாது? முதலில் வழி நெடுகிலும் உள்ள ஃபோல்டர்களின் அனுமதியை ‘நேம்ஐ’ கட்டளையால் பார்க்க வேண்டும். அது சரியென்றால், ‘எல்எஸ்’ கட்டளையோடு பெரிய ‘இசட்’ சேர்த்து லேபிளைப் பார்க்க வேண்டும். தவறாயிருந்தால், ‘ரீஸ்டோர்கான்’ என்ற ஒரே கட்டளை அந்த இடத்துக்குரிய லேபிளைத் திரும்ப ஒட்டிவிடும். வழக்கமான இடத்தை விட்டு வேறு ஃபோல்டரில் தளத்தை வைத்திருந்தால், ‘செமேனேஜ்’ கட்டளையால் அந்த இடத்தின் லேபிள் இன்னதென்று பதிவு செய்துவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும். ‘சிஎச்கான்’ என்று அவசரமாக ஒட்டினால், அடுத்த முறை லேபிள்களைச் சீர்செய்யும்போது அது உதிர்ந்துவிடும். வாடிக்கையாளர் கோப்பு ஏற்றும் ஃபோல்டர் ஒன்றுக்கு மட்டும் எழுதும் லேபிளைக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது காவலாளி தாம் தடுத்தவற்றையெல்லாம் பொதுவாகத் தணிக்கைப் பதிவேட்டில் எழுதி வைப்பார்; யார் வந்தார், எதைக் கேட்டார், எந்த லேபிளைக் கண்டு தடுத்தோம் என்பது அதில் இருக்கும். பதிவேட்டில் ஒன்றுமே இல்லையென்றால், பெரும்பாலும் குற்றம் முதல் காவலாளியிடம்தான். சந்தேகம் தீர வேண்டுமானால் ‘செட்என்ஃபோர்ஸ் பூஜ்யம்’ என்று சில நிமிஷம் அவரைப் பார்வையாளராக்கிச் சோதிக்கலாம். சோதனை முடிந்ததும் ‘ஒன்று’ போட்டு வேலைக்கு அழைத்துவிட வேண்டும். டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் வழக்கம் வேறு. 2019-ல் வந்த பத்தாம் பதிப்பு முதல் டெபியனில் ஆப்ஆர்மர் என்பவர் காவல் நிற்கிறார். அவர் லேபிளைப் பார்ப்பதில்லை. கோப்பு இருக்கும் பாதையைப் பார்ப்பார்.

லினக்ஸ் 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகத்தார் பலர் கூடிச் செய்த பொதுச் சொத்து. அதை எடுத்தாள யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சென்னையிலுள்ள சீ-டாக் ஸ்தாபனத்தார் அதைக்கொண்டே 2007-ல் ‘பாஸ்’ என்ற பாரத லினக்ஸை வெளியிட்டனர். ஆனால் சாதனம் இலவசமாய்க் கிடைத்துவிட்டால் மட்டும் சுதந்திரம் வந்துவிடாது. பழுது நேர்ந்தபோது ஏன் என்று கேட்டு, பதிவேட்டைப் படித்து, நாமே சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தையல் விட்டுப் போனாலும் கண்டுபிடிக்கும் கூர்மை திருப்பூருக்குப் புதிதல்ல. அந்தக் கண்ணைக் கொஞ்சம் சர்வரின் பக்கமும் திருப்பும்படி நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.