புதுக் குஞ்சுகளைக் கூட்டத்தில் விட அவசரம் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் உள்ளன. ஐந்து வார வயதுள்ள பத்துக் குஞ்சுகளை வாங்கி வந்து, அன்றைக்கே கொல்லையில் விட்டேன். பெரிய கோழிகள் விரட்டி விரட்டிக் கொத்துகின்றன. ஒரு குஞ்சுக்குத் தலையில் ரத்தமே வந்துவிட்டது. நானும் கணவரும் ஷிப்டு வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் மட்டும்தான் இருப்பார். குஞ்சுகளை எப்படிப் பழக்குவது?
– வாசகி, வல்லக்கோட்டை.

பதில்: சகோதரி, இன்றைக்கே குஞ்சுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். கொத்துவது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. கண்ணுக்குத் தெரியாமல் வருகிற ஆபத்து நோய். கொத்தினால் ஒரு குஞ்சு போகும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் கொல்லையே காலியாகிவிடும்.

காயம்பட்ட குஞ்சை மற்றக் குஞ்சுகளோடும் விட வேண்டாம். ரத்தச் சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்தவையே கொத்தும். மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துக் காயத்தில் தடவி, புண் ஆறும்வரை தனிக் கூடையில் வையுங்கள்.

கோழிகள் கொத்துவது குணக்கேடு அல்ல. எது முதலில் தின்பது, எது ஒதுங்கி நிற்பது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே இதை விவரமாக எழுதியிருக்கிறார். புதிதாக ஒரு கோழி வந்தால் அந்த வரிசை கலைந்து, மறுபடி சண்டை போட்டுத்தான் அமையும். ஐந்து வாரக் குஞ்சுக்கு அந்தச் சண்டையைத் தாங்க உடம்பு போதாது. எனவே அடுத்த ஐந்து வாரத்தை இப்படித் திட்டமிடுங்கள்.

முதல் மூன்று வாரம் முழுத் தனிமை. கொல்லையின் எதிர்மூலையிலோ, வீட்டின் மறுபக்கத்திலோ குஞ்சுகளை அடையுங்கள். தீவனத்தட்டு, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் வேறாக இருக்கட்டும். குஞ்சுகளைக் கவனித்த பிறகு கைகால் கழுவிவிட்டுத்தான் பெரிய கோழிகளிடம் போக வேண்டும். இவை ஏற்கெனவே ஒன்றாகத் திரிந்துவிட்டதால் இரண்டு பக்கத்தையும் கவனியுங்கள். பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். எச்சத்தில் ரத்தம் கலந்து வந்தால் அது ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். பெரிய கோழிகள் நோய் தெரியாமலே அந்தக் கிருமியை எச்சத்தில் வெளியேற்றும், குஞ்சுகள்தான் அவதிப்படும். தரையில் உமியோ தேங்காய் நாரோ போட்டு ஈரமில்லாமல் வையுங்கள்.

அடுத்தது தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண், மூக்குச் சொட்டு மருந்தும், 28-ஆம் நாள் வாக்கில் லசோட்டாவும் கொடுத்தார்களா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மருந்தகத்தில் சொல்லி விடுபட்டதைக் கொடுத்துவிடுங்கள். எட்டு வாரம் முடிந்ததும் இறக்கையில் தோலுக்கடியில் போடும் ஆர்-2-பி ஊசி போட வேண்டும். அதற்கு முன் போடக் கூடாது. பெரிய கோழிகளுக்கும் விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே போட்டுவிடலாம். சில நாள் முட்டை குறைந்தால் பயப்பட வேண்டாம். ஒரு குப்பி மருந்தைக் கரைத்தால் நூறு கோழிக்கு மேல் போடலாம், ஆனால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து போடுவதே லாபம். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவாரக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. உங்கள் நாள் கணக்கு அதோடு ஒத்துவந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தைப் பழக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். கொல்லையின் ஒரு பகுதியைக் கோழிவலையால் தடுத்து, குஞ்சுகளை உள்ளே விடுங்கள். பெரிய கோழிகள் வெளியே மேயட்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. இரண்டு பக்கமும் வலையை ஒட்டியே தீவனம் வையுங்கள். பக்கத்தில் நின்று தின்று பழகினால் பாதிப் பகை தீர்ந்துவிடும்.

பத்தாவது வாரத்தில், உங்களுக்கு வார விடுமுறை வரும் நாளுக்கு முந்தின இரவு, விளக்கை அணைத்துவிட்டுக் குஞ்சுகளைத் தூக்கிப் பெரிய கோழிகள் அடையும் கூண்டில் விடுங்கள். இருட்டில் கோழிக்குப் பார்வை மட்டு, சண்டை வராது. விடியும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் விடுமுறை நாள். தீவனமும் தண்ணீரும் மூன்று, நான்கு இடத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு மூலையில் நான்கு அங்குல இடைவெளி விட்டுக் குச்சிகளை நட்டு ஓர் அடைப்பு செய்யுங்கள். விரட்டினால் குஞ்சு உள்ளே ஓடிவிடும். பெரிய கோழி நுழையாது.

லேசான கொத்தும் விரட்டலும் ஒரு வாரம் இருக்கும். அதில் தலையிட வேண்டாம். ரத்தம் வந்தாலோ, ஒரு குஞ்சு தீனியே எடுக்காமல் மூலையில் ஒடுங்கினாலோ மட்டும் பிரியுங்கள். ஒரே கோழிதான் வம்பு செய்கிறது என்றால் குஞ்சை எடுக்காமல் அந்தக் கோழியை மூன்று நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். திரும்பி வரும்போது அதுதான் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும், வேகம் தணிந்துவிடும்.

தீவனத்திலும் ஒரு கவனம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவிகிதத்துக்கு மேல் இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஒரு சதவிகிதம் போதும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். சேர்ந்து மேயும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வையுங்கள். முட்டையிடும் கோழி தானே தேடித் தின்னும்.

சொந்தக் கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. தாயே நடுவில் நின்று காப்பாற்றிவிடும். வாங்கிய குஞ்சுக்குத் தாய் இல்லை. அந்த வேலையை நீங்களும் மாமியாரும் ஐந்து வாரம் செய்ய வேண்டும். குஞ்சு பராமரிப்பை நேரில் கற்றுக்கொள்ள விரும்பினால் காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் போய்விடலாம். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது விலை கேட்பதற்கு முன்னால் தடுப்பூசிக் கணக்கைக் கேளுங்கள்.