ஒளி புகும் தூரம்

மருந்துக்கு அடங்காத புற்றுநோயை ஒளி வென்றுவிட்டதாகப் பறைசாற்றும் நாளிதழ்த் துணுக்கு ஒன்றை முதுகலை மாணவி ஒருத்தி சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்தாள். அவள் தந்தைக்கு நுரையீரலில் தொடங்கிய புற்று எலும்புக்கும் பரவிவிட்டது, கீமோதெரபியும் பலனளிக்கவில்லை. "ஐயா, இது அப்பாவுக்கு ஆகுமா?" என்றாள். தமிழாசிரியனிடம் கேட்டதில் வியப்பில்லை. செய்தி தமிழில் இருந்தும் அவளுக்கு விளங்கவில்லை.

படித்தேன். இருளை ஒளி வெல்லும் என்னும் பழைய உருவகம் அதில் இருந்தது, மருத்துவம் இல்லை.

1900ஆம் ஆண்டையொட்டி, மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயமும் ஒளியும் கூடியபோதே நுண்ணுயிர்கள் மடிவதைக் கண்டார். தனித்தனியே இரண்டுக்கும் அந்த வலிமை இல்லை. அங்கிருந்து, 1993இல் கனடா ஃபோட்டோஃப்ரின் என்னும் மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஏற்கும்வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது.

மருந்துக்கு அடங்காத செல்கள் பல, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இறைக்கும் புரதங்களில் ஒன்றான பி-கிளைக்கோபுரோட்டீன் 1976இல் அறியப்பட்டது. ஒளியால் தூண்டப்படும் சேர்மம் தாக்கும் வழி வேறு. செந்நிற ஒளி பட்டதும் அது அருகிலுள்ள ஆக்ஸிஜனை வெறிகொள்ளச் செய்கிறது. அந்த ஆக்ஸிஜன் செல்லின் சவ்வு, மைட்டோகாண்ட்ரியா, புரதங்கள் எனக் கிட்டியதையெல்லாம் சிதைக்கிறது. இறைக்கும் புரதமே சிதைவதும் உண்டு. ஒரே இலக்கைக் குறிவைக்கும் மருந்திடமிருந்து தப்பும் உபாயம் இங்கே எளிதில் பலிக்காது. நம்பிக்கைக்கு உண்மையான காரணம் இதுதான். எனினும் இச்சேர்மங்கள் சிலவற்றையும் வெளியேற்றும் ஏபிசிஜி2 என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. துணுக்கு அதைச் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, தூரத்தைச் சொல்லாதது. தசைக்குள் செந்நிற ஒளி பயன்தரும் அளவுக்குப் புகுவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்நோக்கிக் குழாய்வழி ஒளியிழையைச் செலுத்தலாம். உடலெங்கும் பரவிய புற்றை அப்படித் தேடிச் சென்று குணப்படுத்த முடியாது. உருவகப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: ஃபோட்டோஃப்ரின் பெற்றவர் குறைந்தது முப்பது நாள் வெயிலுக்கு ஒளிந்து வாழ வேண்டும்.

அளவைச் சொல்லாத அறிவியல் செய்தி பொய்ச் செய்தியைவிடத் தீங்கானது என்பேன். பொய்யை மருத்துவர் ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு ஒரு குடும்பம் நிலத்தை விற்றுப் பெருநகர மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடும்.

சிகிச்சையை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். துணுக்கின் ஓரத்தில் 'ஒரு சென்டிமீட்டர்' என்று எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் அதையே பார்த்திருந்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.