பதினெட்டு வயதுக் கால்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் கால்பந்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர்களைப் பிளந்துகொண்டு ஓடிய பதினெட்டு வயது மைக்கேல் ஓவனை மறந்திருந்தால் நாம் இதனை எழுதியிருக்க மாட்டோம். பத்து மாதம் நிறையுமுன், 1999 ஏப்ரலில், லீட்ஸ் மைதானத்தில் அவருடைய பின்தொடைத் தசை கிழிந்தது. பின்னரும் கோல்கள் அடித்தார். 2001இல் ஐரோப்பாவின் தங்கப்பந்து விருதையும் பெற்றார். ஆயினும் தொடைக் காயங்கள் அவரை விட்டு அகலவில்லை.

இதனை விதி என்று சொல்லி நகர்ந்துவிட நமக்கு மனமில்லை. இங்கிலாந்தின் 38 இளையோர் பயிற்சிக் கழகங்களில் 1999 முதல் 2001 வரை இரண்டு பருவங்கள் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 3,805. சராசரியாக ஒவ்வொரு காயமும் மூன்று வாரங்களை விழுங்கியது. கோடை விடுமுறை முடிந்து திரும்பிய வாரங்களிலும், கிறிஸ்துமஸ் ஓய்வுக்குப் பிந்தைய ஜனவரியிலும் எண்ணிக்கை ஏறியது. ஓய்வின்மேல் பழி போடுவதற்கில்லை. ஓய்ந்திருந்த உடலை ஒரே தாவலில் முழுவேகத்துக்குத் தள்ளியதே பிழையென்று நாம் கருதுகிறோம்.

சிறுவன் என்பவன் உருவத்தில் குறுகிய பெரியவன் அல்லன். எலும்பு முந்திக்கொண்டு நீள்கிறது. தசை பின்தங்கி வருகிறது. அதன் இழுவையெல்லாம் இன்னும் கெட்டிப்படாத எலும்பு முனையில் விழுகிறது. பத்துப் பதினொரு வயதில் குதிகால் வலியும், பதின்மூன்று பதினான்கில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நோவும் வீக்கமும் வருவது இதனால்தான். தொடைத் தசைக் கிழிவு வளர்ந்த பிள்ளைகளின் நோய். ஆயினும் பிறந்த தேதியைக் கொண்டே அணி பிரிக்கிறார்கள். மீசை முளைத்தவனும் குரல் உடையாதவனும் பந்துக்காக மோதிக்கொள்கிறார்கள்.

தடுப்பு முறைகள் இல்லாமலில்லை. ஃபிஃபாவின் '11+' என்னும் இருபது நிமிடப் பயிற்சி ஓட்டம், தசை வலு, சமநிலை, குதித்துச் சரியாகத் தரையிறங்குதல் ஆகியவற்றைக் கொண்டது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமியரிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. (ஆட்டத்தின் சலிப்பூட்டும் பகுதி இதுதான், எந்தச் சுவரொட்டியிலும் இதற்கு இடமில்லை.)

ஆனால் மிகத் திறமையானவனை இருபது நிமிடப் பயிற்சி மட்டும் காப்பாற்றிவிடாது. பார்சிலோனாவின் பெட்ரி 2020-21 பருவத்தில், பதினெட்டு வயதில், கழகத்துக்கும் நாட்டுக்குமாக 73 ஆட்டங்கள் ஆடினார். 2021 ஜூலை 6இல் யூரோ அரையிறுதி. ஜூலை 22இல் ஜப்பானில் ஒலிம்பிக் ஆட்டம். அடுத்த பருவத்தில் தொடைக் காயங்களால் பல மாதங்கள் வெளியே இருந்தார். சுமாராக ஆடுபவனுக்கு இருக்கையில் அமரும் பேறேனும் உண்டு. பெட்ரியைப் போன்றவனைக் கழகம் கேட்கிறது, நாடு கேட்கிறது, இரவெல்லாம் விழித்திருந்து தொலைக்காட்சியில் நாமும் கேட்கிறோம். பதினெட்டு வயதுக்காரன் ஓராண்டில் இத்தனை ஆட்டங்களுக்கு மேல் ஆடலாகாது என்று உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்பது நமது கருத்து. அவனாக "போதும்" என்று சொல்லப்போவதில்லை. அந்த வயதில் நாமும் சொல்லியிருக்க மாட்டோம்.