மேட்டுப்பாத்திக்கு மண்வெட்டி வேண்டாம்!

மண்ணைக் கிளற ஒரு கருவி வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடைக்குப் போனோம், மண்வெட்டி ஒன்றை வாங்கினோம், தோளில் போட்டுக்கொண்டு வந்தோம் என்று இருக்க வேண்டியதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அல்ல.

நாலே போடு!

மொட்டை மாடியில் செங்கல் அடுக்கினேன். கெட்டியான தார்ப்பாய் விரித்தேன். மண்ணும், தென்னை நார்க் கழிவும், மக்கிய சாணமும் கலந்து கொட்டி, ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன். கீரையும் வெண்டையும் நன்றாகவே வந்தன.

அடுத்த விதைப்புக்கு மண்ணைக் கிளற, ஊரில் என் தாத்தா வைத்திருந்த மண்வெட்டியைக் கொண்டு வந்தேன். ஓங்கி நாலு போடு போட்டேன். அடியில் தார்ப்பாய் கிழிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் தெரிந்தது! கீழே படுக்கை அறையின் மேல்தளத்தில் ஈரம் படர்ந்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது. பாத்தி மண் முழுவதையும் சாக்குகளில் அள்ளி வைத்துவிட்டுத் தளத்தைப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

"மண்ணைக் கொத்துங்கள் என்றால் வீட்டையே கொத்திவிட்டீர்களே!" என்றாள் என் மனைவி. பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

பழமொழி வயலுக்கு!

அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்பார்கள். அது வயலுக்குச் சொன்னது. வயலில் ஆள் நடக்கிறான், மாடு நடக்கிறது, டிராக்டர் ஓடுகிறது. மண் இறுகிப் போகிறது.

மேட்டுப்பாத்தியில் யாரும் கால் வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. அகலம் 4 அடிக்கு மேல் போகாமல் இருந்தால், இரண்டு பக்கமும் நின்று நடுப்பகுதி வரை கை எட்டும். ஆகவே அந்த மண் மிதிபடுவதில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்றப் படிகிறது. எரு மக்க மக்க அமுங்குகிறது. அவ்வளவுதான். காற்றுப் புக வழி செய்தால் போதும். தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை.

புரட்டினால் நஷ்டமும் உண்டு. அடியில் உறங்கும் களை விதைகள் மேலே வந்து முளைக்கும். மண்வெட்டியின் அலகு மண்புழுவையும் வெட்டும்.

மண்புழுவைப் பற்றி டார்வின் 1881-ல் ஒரு புத்தகமே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். கூலி கேட்காத இந்த வேலைக்காரனை வெட்டிவிட்டு, நாம் இடுப்பு ஒடியக் கொத்துவது என்ன புத்திசாலித்தனம்?

எதை வாங்கலாம்?

பல் வைத்த தோட்ட முள்தான் என் கட்சி. "கார்டன் போர்க்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். மண்வெட்டி வெட்டும்; முள் நெகிழ்த்தும். பல்லை நேராக இறக்கி, காம்பைச் சற்றே பின்னால் சாய்த்து, மண் விரிசல் விட்டதும் உருவிவிட வேண்டும். அரை அடி தள்ளி மறுபடியும் இறக்க வேண்டும். புழு பல்லுக்கு இடையே தப்பித்துக்கொள்ளும்.

மாடிப் பாத்திக்குக் கைக்கு அடக்கமான சிறு முள் போதும். மண் ஓர் அடி என்றால், பல் அரை அடிக்கு மேல் நீளம் வேண்டாம். அப்போதுதான் தார்ப்பாய் பிழைக்கும்.

தரையில் போட்ட பாத்தி என்றால், நின்றபடி மிதித்து இறக்கும் பெரிய முள் நல்லது. பிரான்ஸ் நாட்டில் ஆந்த்ரே கிரெலின் என்பவர் 1960-களில் இரண்டு காம்பு வைத்த அகலமான முள்ளை அறிமுகம் செய்தார். "கிரெலினெட்" என்று அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். மண்ணைப் புரட்டாமல் நெகிழ்த்துவதுதான் அதன் வேலை.

வாங்கும்போது பல்லைப் பாருங்கள். மெல்லிய தகட்டில் வெட்டிய பல், கல் பட்டால் வளைந்துவிடும். கெட்டி இரும்பில் அடித்த பல் நிற்கும். காம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே ஆடுவது வீட்டில் கழன்றுவிடும்.

ஈரம் முக்கியம்!

நல்ல முள்ளும் சேற்றில் கெட்ட முள்தான். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். விரலால் தொட்டதும் உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். களி போல ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். பிடியே படாமல் தூளாகப் போனால், தண்ணீர் தெளித்துவிட்டு மறுநாள் வாருங்கள்.

மண்வெட்டியை நான் பழிக்கவில்லை. வாய்க்கால் வெட்ட, வரப்புக் கட்ட, எரு அள்ள அதற்கு ஈடு எது? என் தாத்தா அதை வைத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆனால் அவர் அதைப் பிடித்தது வயலில். படுக்கை அறையின் தலைக்கு மேலே அல்ல!

முதலில் பாத்தியை அளந்து பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.