சகுராவின் கனவு என்ன?

'நரூட்டோ'வில் உதவாக்கரை யார் என்று கேட்டால் ரசிகர்கள் தயங்காமல் சகுராவைக் காட்டுகிறார்கள். என் விரல் நீள்வது அவளை எழுதிய மசாஷி கிஷிமோட்டோவை நோக்கி.

கதையின் தொடக்கத்திலேயே ஆசான் ககாஷி தன் மூன்று மாணவர்களிடமும் அவர்களுடைய கனவைக் கேட்கிறார். கிராமத்தை ஆளும் ஹொக்காகே ஆவேன் என்கிறான் நரூட்டோ. ஒருவனைக் கொல்ல வேண்டும் என்கிறான் சசுகே. சகுரா சசுகேயைப் பார்த்து வெட்கப்படுகிறாள், அவ்வளவுதான். 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்கள் வந்தன. வலிமை பெற வேண்டும் என்று அவள் எடுக்கும் உறுதிகூட அந்த இருவரையே சுற்றுகிறது.

திறமைக்குக் குறைவில்லை. எதிரி பற்றிய கூந்தலைத் தானே அறுத்துக்கொள்கிறாள். மணல் கிராமத்து மருத்துவர்களால் முறிக்க முடியாத நஞ்சை முறித்து கான்குரோவைக் காப்பாற்றுகிறாள். சியோ பாட்டியோடு சேர்ந்து சசோரியை வீழ்த்துகிறாள். பிறகு கதை அவளை ஓரங்கட்டி, சசுகேக்காக மறுபடி அழ வைக்கிறது. தன்னைக் கொல்லத் துணிந்தவனையே கடைசியில் அவள் மணக்கிறாள். இதற்குப் பெயர் காதலின் வெற்றியாம்!

காதலிப்பது பலவீனமல்ல. அதைத் தவிர வேறு ஆசையே இல்லாதவளாக ஒரு பெண்ணை எழுதுவதுதான் பலவீனம். இரண்டு பையன்களுக்கு லட்சியம் எழுதத் தெரிந்த பேனாவுக்கு மூன்றாவதாக ஒன்று எழுத மை தீர்ந்துவிட்டதா? அந்தப் பழியை ஏன் சகுரா சுமக்க வேண்டும்?